வீட்டு இணைய வாசலுக்கு எந்த ஃபயர்வால்: பாதுகாப்புப் பொறியாளருக்கான ஓர் ஒப்பீடு

நிறுவனங்களின் ஃபயர்வால்களை (வலையமைப்புக்குள் வருவதையும் வெளியே போவதையும் விதிப்படி வடிகட்டும் காவல்களை) பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட வலையமைப்புப் பாதுகாப்புப் பொறியாளர், தன் வீட்டு இணைய இணைப்புக்கு ஒரு ஃபயர்வாலைத் தேர்ந்தெடுக்க மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். அவருக்குத் தெரிந்த தேர்வுகள் அதிகம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு வேலைகளை அவர் அந்த ஒரே பெட்டியிடம் எதிர்பார்ப்பது. வீட்டில் இருப்பவர்களுக்கு இணையம் எந்நேரமும் தடையின்றி ஓட வேண்டும். அவருக்கோ, புதிய விபிஎன் (இணையத்தின் ஊடே குறியாக்கம் செய்த தனி இணைப்பு) நெறிமுறைகளைச் சோதிக்கவும், விதிகளைக் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்கவும், சந்தேகத்துக்குரிய மென்பொருளை அடைத்துவைத்து அது எங்கெங்கே பேச முயல்கிறது என்று பார்க்கவும் ஓர் இடம் வேண்டும். முதல் வேலைக்கு மாறாமை நல்லது. இரண்டாவது வேலைக்கு மாற்றமே நோக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத ஒப்பீடுகள் வசதிகளின் பட்டியலை நீட்டுவதோடு நின்றுவிடுகின்றன.

வசதிகளைப் பொறுத்தவரை, இன்று இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல ஃபயர்வால்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ், ஓப்பன்டபிள்யூஆர்டி, வெறும் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம், என்எஃப்டேபிள்ஸ் வடிகட்டி ஓடும் சாதாரண லினக்ஸ் ஆகிய ஐந்தில் எதை எடுத்தாலும், இணைப்புகளின் நிலையைக் கண்காணிக்கும் வடிகட்டல், முகவரி மாற்றம் (வீட்டுக் கருவிகள் ஒரே வெளி முகவரியைப் பகிர்வது), வீலேன் (ஒரு வலையமைப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது), வயர்கார்டு (ஒரு விபிஎன் நெறிமுறை), ஐபி பதிப்பு 6 (புதிய, நீண்ட இணைய முகவரி முறை) என அடிப்படைத் தேவைகள் அனைத்தும் கிடைக்கும். ஆகவே தேர்வை வேறு மூன்று கேள்விகளால் அளக்க வேண்டும் என்று நினைக்கிறேன். புதுப்பிப்புகளின் சாவி யார் கையில் இருக்கிறது? அமைவுகளை முழுமையாகப் படித்து, பெட்டி எரிந்துபோனால் வேறொரு பெட்டியில் விரைவாக மீட்டெடுக்க முடியுமா? பொறியாளர் வீட்டில் இல்லாத நாளில் ஏதாவது நின்றுபோனால், வேறு யாராவது அதை ஓட வைக்க முடியுமா? மூன்றாவது கேள்வியைத் தொழிலில் உள்ளவர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

ஒரே வேரிலிருந்து வந்த இருவர்

பிஎஃப்சென்ஸையும் ஓபிஎன்சென்ஸையும் ஒப்பிடுவதற்கு அவற்றின் வம்சாவளியைச் சற்றுத் தெரிந்துகொள்வது உதவும். மானுவல் காஸ்பர் 2003இல் எம்0என்0வால் என்ற சிறிய ஃபயர்வால் தொகுப்பைத் தொடங்கினார். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் ஓடிய அந்தத் தொகுப்பு, எல்லா அமைவுகளையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் வைத்துக்கொண்டு, இயந்திரம் தொடங்கும்போது பிஎச்பி நிரல்கள் அந்தக் கோப்பைப் படித்து மற்ற அனைத்தையும் உருவாக்கும் முறையைக் கையாண்டது. அன்றைக்கு அது புதுமையான அணுகுமுறை. 2004இல் அதிலிருந்து பிஎஃப்சென்ஸ் கிளைத்தது; 2015 ஜனவரியில் நெதர்லாந்தைச் சேர்ந்த டெசிசோ நிறுவனத்தின் முயற்சியால் பிஎஃப்சென்ஸிலிருந்து ஓபிஎன்சென்ஸ் கிளைத்தது. அதற்கு அடுத்த மாதமே எம்0என்0வாலை முடித்துக்கொண்ட காஸ்பர், தன் பயனர்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் கைகாட்டினார். இரண்டிலும் அமைவு முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருப்பதும், ஃப்ரீபிஎஸ்டி கர்னலின் (இயங்குதளத்தின் உட்கருவின்) பி.எஃப். என்ற பாக்கெட் (தரவுப் பொட்டலம்) வடிகட்டியே இரண்டின் உள்ளேயும் உழைப்பதும் இந்தப் பொதுவான வேரின் விளைவுகள்தான். இரண்டின் வேகத்தையும் அளந்து எது மேல் என்று எழுதுபவர்கள், பெரும்பாலும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பதிப்புகளைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

வேறுபாடு நிர்வாகத்தில் இருக்கிறது. பிஎஃப்சென்ஸைப் பராமரிக்கும் நெட்கேட் நிறுவனம் 2021இல் பிஎஃப்சென்ஸ் பிளஸ் என்ற மூடிய பதிப்பை வெளியிட்டது. திறந்த மூலச் சமூகப் பதிப்பும் தொடர்ந்தது. ஆனால் நிறுவனத்தின் கவனம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வெளியீட்டுத் தேதிகளைப் பார்த்தாலே ஊகிக்கலாம். சமூகப் பதிப்பின் 2.7.2 வெளியீடு 2023 டிசம்பரில் வந்தது. அடுத்த பெரிய வெளியீடான 2.8.0க்கு 2025 மே மாதம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்புத் திருத்தங்கள் தனித் தொகுப்பு ஒன்றின் வழியாகக் கிடைத்தன என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பிளஸ் பதிப்பை இலவசமாகத் தரும் ஏற்பாடு ஒன்று இருந்தது. 2023 அக்டோபரில் அது முடிவுக்கு வந்து, கட்டணச் சந்தா அதன் இடத்தைப் பிடித்தது. தன் பொருளுக்கு விலை வைக்க ஒரு நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. ஆனால் வீட்டு வலையமைப்பை அடுத்த பல ஆண்டுகளுக்குத் திட்டமிடுபவர், விதிமுறைகள் ஓர் அறிவிப்பில் மாறக்கூடியவை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது.

இன்னொரு நிகழ்வு பாதுகாப்புப் பொறியாளருக்கு நேரடியாகத் தொடர்புடையது. ஃப்ரீபிஎஸ்டி கர்னலுக்குள் வயர்கார்டைக் கொண்டுவரும் பணிக்கு நெட்கேட் நிதியளித்தது. அப்படி உருவான நிரல் ஃப்ரீபிஎஸ்டி 13.0இல் சேர இருந்த கடைசிக் கட்டத்தில், 2021 மார்ச்சில், வயர்கார்டை உருவாக்கிய ஜேசன் டோனன்ஃபெல்ட் அதை ஆராய்ந்து, அதில் கடுமையான குறைகள் இருப்பதாக வெளிப்படையாக எழுதினார். அவரும் மற்றச் சில நிரலாளர்களும் அவசரமாக மறு எழுத்தில் இறங்கினார்கள், முடிவில் 13.0 வெளியீட்டிலிருந்து வயர்கார்டு முழுவதுமாக நீக்கப்பட்டது. ஆனால் பிஎஃப்சென்ஸ் 2.5.0 அதற்கு முந்தைய மாதமே அந்த நிரலுடன் வெளியாகிவிட்டிருந்தது, 2.5.1இல்தான் அது அகற்றப்பட்டது. பின்னர் செம்மையாக எழுதப்பட்ட பதிப்பு ஃப்ரீபிஎஸ்டி 13.2இல் இடம்பெற்றது. இன்று அந்தக் குறைகள் பழங்கதை. இருந்தாலும் கர்னலுக்குள் ஓடும் குறியாக்க நிரல் பயனரின் வீட்டுக்கு வருவதற்கு முன்பு அதை யார் படித்துப் பார்த்தார்கள் என்று கேட்கும் பழக்கத்தை இந்த நிகழ்வு வலுப்படுத்த வேண்டும். அந்தக் கேள்வியை ஓபிஎன்சென்ஸிடமும் அதே கறாரோடு கேட்கலாம்.

ஓபிஎன்சென்ஸ் ஆண்டுக்கு இரண்டு பெரிய வெளியீடுகளை, ஜனவரியிலும் ஜூலையிலும், தருகிறது. பதிப்பு எண்ணே ஆண்டையும் மாதத்தையும் சொல்லிவிடும். இடையில் சிறு புதுப்பிப்புகள் அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். திருத்தங்கள் விரைவாக வருவது இதன் பலம். பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. புதிய பெரிய வெளியீடு வந்ததும் பழையதற்கான திருத்தங்கள் நின்றுவிடுவதால், மேம்படுத்தாமல் ஓராண்டு உட்கார்ந்திருக்க வழியில்லை; சில மேம்படுத்தல்கள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கலைத்துவிடுவதும் உண்டு. வெளியீடு வந்த அன்றே நிறுவாமல், அதன் முதல் இரண்டு திருத்தங்கள் வந்த பிறகு, முந்தைய நிலைக்குத் திரும்பும் வழியை இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் (கோப்பு முறைமையின் அந்நேர நிலையின் பதிவு) மூலம் உறுதிசெய்துகொண்டு மேம்படுத்துவதே சரியான ஒழுங்கு.

இதன் இன்னொரு சாதகம் ஏபிஐ. பழைய பிஎச்பி பக்கங்களைப் படிப்படியாக நீக்கிவிட்டு, திரையில் செய்யும் வேலைகளை நிரலாலும் செய்யக்கூடிய அமைப்புக்கு இத்திட்டம் பல ஆண்டுகளாக நகர்ந்து வருகிறது. தீங்கான முகவரிகளின் பட்டியலை ஒரு சிறிய பைதான் நிரலால் மாற்றிக்கொண்டே இருப்பதும், விதிகளைப் பதிப்புக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வதும் வேலையில் அன்றாடம் செய்கிறவருக்கு, வீட்டிலும் அதே பழக்கத்தைத் தொடர முடிவது சிறிய விஷயமல்ல. ஒரு எச்சரிக்கையை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும்: அந்த ஒற்றை எக்ஸ்எம்எல் கோப்பில் விபிஎன் தனிச்சாவிகளும் கடவுச்சொல் ஹேஷ்களும் சேர்ந்தே இருக்கின்றன. குறியாக்கம் செய்யாமல் அதை ஒரு கிட் (பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி) களஞ்சியத்தில் போட்டுவைப்பது, தனிக் களஞ்சியமாகவே இருந்தாலும், தொழில் தெரிந்தவர் செய்யக்கூடிய காரியம் அல்ல.

எழுத்தால் ஆன ஃபயர்வால்

ஓப்பன்பிஎஸ்டியை இந்தப் பட்டியலில் சேர்ப்பதே ஒருதலைச் சார்பு என்று சிலர் சொல்லக்கூடும்; சார்பு இருப்பதை மறுக்கப்போவதில்லை. பி.எஃப். பிறந்த இடமே அதுதான். அதுவரை பயன்பாட்டில் இருந்த ஐபிஃபில்டர் வடிகட்டியின் உரிமம் குறித்த தகராறால் 2001இல் அதை ஓப்பன்பிஎஸ்டி தன் மூலத்திலிருந்து நீக்கியது. அந்த வெற்றிடத்தை நிரப்ப டேனியல் ஹார்ட்மையர் பி.எஃப்.ஐ எழுதினார், அதே ஆண்டு டிசம்பரில் வெளியான 3.0 பதிப்பில் அது சேர்ந்தது. பின்னாளில் ஃப்ரீபிஎஸ்டி அதை எடுத்துக்கொண்டு, தன் தேவைக்கேற்பத் தனி வழியில் வளர்த்தது. ஆகவே ஓபிஎன்சென்ஸ் திரையில் ஒரு விதியைச் சேர்ப்பவர் உண்மையில் பி.எஃப். மொழியில் ஒரு வரியை மறைமுகமாக எழுதுகிறார். ஓப்பன்பிஎஸ்டியில் அந்த வரியை நேரடியாக எழுதுகிறார்.

இந்த நேரடித்தன்மையால் கிடைக்கும் பயன் பெரிது. ஒரு வீட்டுக்குத் தேவையான முழு விதித்தொகுப்பும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்; மேலிருந்து கீழே வாசித்தால் வலையமைப்பின் கொள்கை புரிந்துவிடும். ஏன் இந்த விதி என்பதை அதன் அருகிலேயே குறிப்பாக எழுதிவைக்கலாம். பி.எஃப். மொழியில் பொருந்தும் விதிகளில் கடைசியாக வருவதே வெல்லும். 'குவிக்' என்ற சொல்லைச் சேர்த்தால் மட்டுமே முதல் பொருத்தத்தில் முடிவு நிற்கும். வணிக ஃபயர்வால்களில் முதல் பொருத்தம் வெல்லும் வழக்கத்துக்குப் பழகியவர்களுக்கு இது தொடக்கத்தில் இடறும். ஆனால் பொதுவான தடையை முதலில் எழுதி, விதிவிலக்குகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகும் இந்த முறை, கொள்கையைச் சிந்திக்கும் வரிசையோடு இயல்பாக ஒத்துப்போகிறது. ஓபிஎன்சென்ஸும் பிஎஃப்சென்ஸும் வழக்கமான விதிகளுக்குக் 'குவிக்'கைத் தாமே சேர்த்துவிடுவதால், அவற்றின் பயனர்கள் பலருக்கு இந்த அடிப்படை தெரிவதே இல்லை.

பதிவு செய்யப்படும் பாக்கெட்டுகள் ஓப்பன்பிஎஸ்டியில் ஒரு தனி இடைமுகத்தில் வந்து விழுகின்றன. பாக்கெட்டுகளைப் படித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை அந்த இடைமுகத்தில் ஓடவிட்டால், எந்த விதி எந்தப் பாக்கெட்டைத் தடுத்தது என்பதை அது நடக்கும் கணத்திலேயே காணலாம். கோப்பாகச் சேமித்ததை வயர்ஷார்க் ஆய்வுக் கருவியில் திறக்கலாம். விசாரணை செய்து பழகிய கைக்கு இதைவிட வசதியான பதிவு முறையை நான் கண்டதில்லை. டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும்) தேடலுக்கான அன்பவுண்டு, முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவை, ஐபிசெக் என்ற விபிஎன் முறைக்கான சாவிப் பரிமாற்றச் சேவை ஆகியவை அடிப்படை நிறுவலிலேயே உள்ளன. வயர்கார்டும் 2020 அக்டோபரில் வந்த 6.8 பதிப்பு முதல் கர்னலின் பகுதி. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஓராண்டு ஆதரவு. மேம்படுத்தலுக்கு ஒரே கட்டளை போதும். அது வியப்பூட்டும் அளவுக்குச் சலனமின்றி முடிந்துவிடும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, அதை ஏன் வீட்டின் முதன்மை வாசலில் வைக்கத் தயங்க வேண்டும் என்பதற்கான காரணங்களையும் சொல்லியாக வேண்டும். அதன் கோப்பு முறைமையில் ஜர்னலிங் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் முறை) இல்லை. மின்சாரம் திடீரென்று நின்றால் அடுத்த தொடக்கத்தில் வட்டுச் சோதனை ஓடும். சில வேளைகளில் அந்தச் சோதனை ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, யாராவது விசைப்பலகையில் பதில் தரும்வரை காத்திருக்கும். யூபிஎஸ் இருந்தால் இந்த அபாயம் குறையும், ஆனால் மறையாது. செயலியின் பல கருக்களைப் பயன்படுத்திப் பாக்கெட்டுகளைக் கடத்துவதில் அது லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் பின்னே இருந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் முன்னேற்றம் உண்டு என்றாலும், மிக வேகமான இணைப்பு உள்ளவர்கள் தங்கள் வன்பொருளில் அளந்து பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இணையம் நின்றுபோன ஒரு மாலையில் பொறியாளர் வெளியூரில் இருந்தால், வீட்டிலுள்ளவரிடம் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகக் கட்டளைகளைச் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது கேள்வியில் ஓப்பன்பிஎஸ்டி தோற்பது இங்கேதான்.

லினக்ஸ்: இரண்டு வடிவங்கள்

வெறும் லினக்ஸில் என்எஃப்டேபிள்ஸ் எழுதி ஓட்டுவது, எழுத்தால் ஆன ஃபயர்வாலின் மற்றொரு வடிவம். 2014 ஜனவரியில் வந்த 3.13 கர்னலில் சேர்ந்த என்எஃப்டேபிள்ஸ், முகவரித் தொகுப்புகளையும் வரைபடங்களையும் மொழியின் அடிப்படை உறுப்புகளாகத் தருகிறது. புதிய விதித்தொகுப்பு முழுவதையும் ஒரே வீச்சில் மாற்றுவதால், பாதி பழைய விதியும் பாதி புதிய விதியுமாக ஒரு கணம்கூட இருக்காது. இபிபிஎஃப் (கர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் முறை) போன்றவற்றைக் கற்க விரும்புபவருக்கு லினக்ஸைத் தவிர இயல்பான களம் வேறில்லை.

ஆனால் வாசலில் நிற்கும் லினக்ஸ் பெட்டி நாளடைவில் வேறு வேலைகளையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கும். "சும்மாதானே இருக்கிறது" என்று, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் ஓட்டும் டாக்கரை நிறுவினால், அது வெளியிடும் போர்ட்டுகளுக்காகத் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும். அந்தப் போக்குவரத்து முன்னனுப்பும் பாதையில் செல்வதால், பெட்டிக்கு உள்ளே வருவதைத் தடுக்கப் பயனர் எழுதிய விதி அதைத் தொடவே தொடாது. என்எஃப்டேபிள்ஸில் இன்னொரு நுட்பமும் உண்டு: ஓர் அடிப்படைச் சங்கிலியில் (விதிகளின் வரிசையில்) கிடைத்த அனுமதி முடிவானது அல்ல, அதே இடத்தில் கொக்கி போட்டிருக்கும் அடுத்த சங்கிலி அந்தப் பாக்கெட்டை இன்னும் தடுக்கலாம். தடை மட்டுமே உடனடியாக முடிவாகிறது. இரண்டு மென்பொருள்கள் ஒரே பெட்டியில் தனித்தனிச் சங்கிலிகள் எழுதும்போது, ஒரு கோப்பைப் படித்து மொத்தக் கொள்கையையும் அறிவது இயலாமல் போகிறது. வாசலில் நிற்பது வாசலை மட்டும் காக்கட்டும் என்ற கட்டுப்பாடு உள்ளவருக்கே இந்தத் தேர்வு பொருந்தும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி லினக்ஸின் கட்டுப்பாடான வடிவம். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் மென்பொருள் மூலம் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் காரணமாக வெளியிடப்பட்டதிலிருந்து 2004இல் தொடங்கிய இத்திட்டம், 2016இல் எல்ஈடிஈ என்ற பெயரில் பிளவுபட்டு, 2018இல் மீண்டும் ஒன்றுசேர்ந்தது. 22.03 வெளியீட்டிலிருந்து இதன் ஃபயர்வாலும் என்எஃப்டேபிள்ஸ் மேல்தான் ஓடுகிறது. பாதுகாப்புத் துறையினர் இதை 'ரூட்டர் பொம்மை' என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. மூல அமைப்பு மாற்ற முடியாத சுருக்கப்பட்ட படிமமாக இருக்க, பயனரின் மாற்றங்கள் மட்டும் தனி அடுக்கில் படிகின்றன. மின்வெட்டு வந்தாலும் மூல அமைப்பு சிதையாது. அந்த மேலடுக்கை அழித்தால் பெட்டி முதல் நாள் நிலைக்குத் திரும்பிவிடும். இணையத் திரையில் செய்த மாற்றம் தொடர்பைத் துண்டித்துவிட்டால், குறிப்பிட்ட நேரத்துக்குள் உறுதிப்படுத்தாத காரணத்தால் அது தானாகவே பழைய அமைவுக்குத் திரும்புகிறது. தொலைவிலிருந்து விதி மாற்றித் தன்னையே பூட்டிக்கொள்ளும் பயம் தெரிந்தவர்கள் இந்த ஒரு வசதிக்காகவே அதை மதிப்பார்கள்.

அது உண்மையிலேயே முன்னிலை வகிக்கும் களம் இணைப்பின் தரம். யாரோ ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது மற்றவரின் காணொளி அழைப்பு திக்குவதற்குக் காரணம், ரூட்டர்களிலும் மோடம்களிலும் பாக்கெட்டுகள் நீண்ட வரிசையில் தேங்குவது. இந்த பஃபர்புளோட் சிக்கலுக்கு லினக்ஸில் உள்ள கேக் என்ற வரிசை மேலாண்மை முறையை ஓப்பன்டபிள்யூஆர்டியில் சில சொடுக்குகளில் இயக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி வழித் தோன்றல்களில் எஃப்கியூ கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறை உண்டு. அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. கேக் மட்டும் அங்கே இல்லை. வைஃபையிலும் இதே கதை: ஃப்ரீபிஎஸ்டியின் வைஃபை ஆதரவு பலவீனமானது என்பதால், ஓபிஎன்சென்ஸ் பெட்டிக்குள் வைஃபை அட்டையைச் செருகும் யோசனையை மறந்துவிடுவது நல்லது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் முக்கியக் குறை மேம்படுத்தல்தான். அமைவுகள் பாதுகாக்கப்பட்டாலும், பயனர் கூடுதலாக நிறுவிய தொகுப்புகள் வழக்கமான மேம்படுத்தலில் போய்விடும். அவற்றையும் சேர்த்துப் புதிய படிமத்தைக் கட்டித்தரும் சேவையைப் பயன்படுத்தப் பழகினால் இது தொல்லை தராது.

வையோஸ் என்ற லினக்ஸ் ரூட்டர் தொகுப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். கட்டளை வரியில் ஜூனிப்பர் நிறுவன ரூட்டர்களின் மணம் வீசும் அந்தத் தொகுப்பு, பிஜிபி என்ற வழித்தட நெறிமுறையைக் கற்கும் ஆய்வுக்கூடத்துக்குச் சிறந்தது. நீண்டகால ஆதரவுப் படிமங்களுக்குச் சந்தா தேவைப்படுவதாலும், தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும் இலவச உருள் வெளியீட்டை வாசலில் வைக்க மனம் ஒப்பாததாலும், அதை இந்த ஒப்பீட்டில் மேலே கொண்டுபோகவில்லை.

ஊடுருவல் தடுப்பு என்னும் ஆசை

பாதுகாப்புப் பொறியாளர் ஓபிஎன்சென்ஸையோ பிஎஃப்சென்ஸையோ நிறுவியதும் முதலில் தேடுவது சூரிகாட்டா என்ற ஊடுருவல் தடுப்புக் கருவியை. வேலையில் பழகிய கருவி வீட்டிலும் ஓட வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் அதை வைத்து ஃபயர்வாலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இணையப் போக்குவரத்தைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறை 2018இல் தரநிலையாக ஏற்கப்பட்டது. அதைத் தன்னுள் கொண்ட க்விக் நெறிமுறை 2021இல் தரநிலையாக ஏற்கப்பட்டது. இவை பரவிய பிறகு, வாசலில் நின்று பார்க்கும் கருவிக்குப் பாக்கெட்டின் உள்ளடக்கத்தில் தெரிவது மிகக் குறைவு. சேரும் முகவரி, நேரம், அளவு, கைகுலுக்கலின் தொடக்கத்தில் வெளிப்படும் சில தடயங்கள் ஆகியவற்றைக் கொண்டே அது முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தடுக்கும் நிலையில் அதை வைத்தால், செயலியின் உழைப்பு பலமடங்கு கூடுவதோடு, தவறான எச்சரிக்கை ஒவ்வொன்றும் வீட்டில் யாரோ ஒருவருக்குத் திறக்காத பக்கமாக மாறும்.

இதைவிட, வெளியே செல்லும் போக்குவரத்துக்கு இறுக்கமான விதிகள் எழுதுவதும், கேமரா, தொலைக்காட்சி போன்ற சாதனங்களைத் தனி வீலேனில் அடைப்பதும், டிஎன்எஸ் அளவில் தடுப்பதும் குறைந்த உழைப்பில் அதிகப் பலன் தரும். கண்காணிப்பில் ஆர்வம் தணியாதவர், ஸ்விட்ச்சின் மிரர் போர்ட்டில் (போக்குவரத்தின் நகலைத் தரும் முனையில்) ஒரு தனி இயந்திரத்தை இணைத்து, அதில் சூரிகாட்டாவை எச்சரிக்கை நிலையிலும், வெர்ன் பாக்ஸன் 1990களில் ப்ரோ என்ற பெயரில் தொடங்கி 2018இல் பெயர் மாறிய ஸீக் கண்காணிப்புக் கருவியையும் ஓட விடலாம். அந்த இயந்திரம் செத்தாலும் இணையம் ஓடும். கண்காணிக்கும் கருவி போக்குவரத்தின் பாதையில் நிற்கத் தேவையில்லை என்பது வேலையிடத்தில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கொள்கை. வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

வன்பொருளும் தேர்வைத் திருப்பும்

எந்த மென்பொருள் என்பதை முடிவு செய்துவிட்டு வன்பொருளைத் தேடுவதைவிட, கையிலுள்ள வன்பொருளைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது பல வேளைகளில் புத்திசாலித்தனம். ஃப்ரீபிஎஸ்டி வழி ஃபயர்வால்களுக்கு இன்டெல் வலையமைப்பு அட்டைகள் பாதுகாப்பான தேர்வு. ரியல்டெக் அட்டைகள் பாரம் ஏறும்போது தடுமாறும் புகார்கள் நீண்ட காலமாக உண்டு. அதே அட்டைகள் லினக்ஸில் பொதுவாகத் தொல்லையின்றி ஓடுகின்றன. ஆகவே மலிவான ரியல்டெக் பெட்டி கையில் இருப்பவருக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியே நேர்மையான பதில்.

இணையச் சேவை பிபிபிஓஈ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு இணைக்கும் முறை) வழியாக வந்தால் கூடுதல் கவனம் தேவை. வலையமைப்பு அட்டை, வந்துசேரும் பாக்கெட்டுகளை ஐபி முகவரிகளின் ஹேஷைக் கொண்டு பல வரிசைகளுக்குப் பிரித்து, செயலியின் பல கருக்களுக்கு அனுப்புகிறது. பிபிபிஓஈ உறைக்குள் இருக்கும் ஐபி தலைப்பைப் பல அட்டைகளால் பார்க்க முடிவதில்லை. அதனால் எல்லாமே ஒரே வரிசையில் விழுந்து, ஒரே கரு முழுப் பாரத்தையும் சுமக்கிறது. நான்கு கருக்கள் உள்ள சிறிய பெட்டி, கிகாபிட் இணைப்பில் எதிர்பார்த்த வேகத்தைத் தராமல் போவதற்கு ஃப்ரீபிஎஸ்டி உலகில் அடிக்கடி சொல்லப்படும் காரணம் இதுதான். கருக்களின் எண்ணிக்கையைவிட ஒரு கருவின் வேகத்தை இங்கே பார்க்க வேண்டும்.

ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற தளத்துக்குள் ஃபயர்வாலை ஓட்டும் வழக்கமும் பரவலாக உள்ளது. ஸ்னாப்ஷாட் எடுப்பது எளிது என்பது உண்மை. ஆனால் தளத்தைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் வீட்டின் இணையம் நிற்கும். தளம் எழாவிட்டால், அதைச் சரிசெய்யத் தேவையான தகவலைத் தேடும் இணையமும் இருக்காது. ஆய்வுக்கூட ஃபயர்வால் மெய்நிகராக இருக்கலாம்; வாசல் ஃபயர்வால் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

எதை எங்கே வைப்பது

வீட்டில் மற்றவர்களும் இருக்கும் நிலையில், என் பரிந்துரை இரண்டு பெட்டிகள். வாசலில் ஓபிஎன்சென்ஸ்: திறந்த இருகூற்று பிஎஸ்டி உரிமம், கணித்துவிடக்கூடிய வெளியீட்டு நாட்காட்டி, ஒரே கோப்பில் மீட்பு, வேறொருவர் உலாவியில் திறந்து "மறுதொடக்கம்" என்ற பொத்தானை அழுத்தக்கூடிய திரை ஆகியவை அதற்குக் காரணங்கள். அதன் ஒரு வீலேனுக்குப் பின்னால், ஆய்வுக்கூடத்தின் தலைவாசலாக ஓப்பன்பிஎஸ்டி: அங்கே எதை உடைத்தாலும் வீட்டுக்குத் தெரியாது. வைஃபைக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ஆக்சஸ் பாயிண்ட். ஒரே பெட்டிதான் வாங்க முடியும் என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டியே போதும். தனியாக வசிப்பவர் என்றால் ஓப்பன்பிஎஸ்டியை வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம். பிஎஃப்சென்ஸ் சமூகப் பதிப்பு ஏற்கனவே குறையின்றி ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், அதுவும் வேலையிடத்தில் நெட்கேட் சாதனங்களைக் கையாள்பவர் என்றால், அவசரமாக மாற வேண்டிய தேவை எதுவும் இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பெட்டிகள் வைக்கும்போது, உள்ளே இருக்கும் பெட்டியில் மறுபடியும் முகவரி மாற்றம் செய்யக் கூடாது. வாசலில் ஆய்வுக்கூட வலையமைப்புக்கு ஒரு நிலையான பாதையை எழுதினால் போதும். வாசலின் பதிவுகளில் உண்மையான உள்முகவரிகள் தெரியும், விசாரணையும் எளிதாகும். ஆய்வுக்கூடத்திலிருந்து வாசலின் நிர்வாகத் திரைக்கோ வீட்டின் மற்ற வீலேன்களுக்கோ எந்த அனுமதியும் இருக்கக் கூடாது. எதிர்த்திசையில் பொறியாளரின் ஒரு கணினிக்கு மட்டும் அனுமதி தரலாம்.

ஐபி பதிப்பு 6 மட்டும் இந்த ஏற்பாட்டைச் சற்றுச் சிக்கலாக்கக்கூடும். தானியங்கி முகவரி அமைப்புக்கு ஒவ்வொரு வலைக்கும் 64 பிட் முன்னொட்டு (முகவரியின் தொடக்கப் பகுதி) ஒன்று முழுமையாகத் தேவை. சேவை நிறுவனம் 56 பிட் முன்னொட்டைத் தந்தால் அத்தகைய 256 வலைகள் கிடைக்கும். ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய அளவு ஒதுக்கிவிடலாம். ஒரே ஒரு 64 பிட் முன்னொட்டு மட்டும் வந்தால், அதை வீட்டுக்கு விட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்துக்கு இணையத்தில் செல்லாத தனித்த உள்முகவரிகளைக் கொடுத்து, வெளித்தொடர்பைப் பதிப்பு 4 வழியாக மட்டும் நடத்துவதே குழப்பமில்லாத வழி. ஆகவே பெட்டிகளை வாங்குவதற்கு முன்பு, இணைப்பில் எந்த அளவு முன்னொட்டு வருகிறது என்பதையும், அது நிலையானதா அல்லது ஒவ்வொரு மறு இணைப்பிலும் மாறுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாறிக்கொண்டே இருக்கும் முன்னொட்டில், நிலையான பாதை எழுதும் மேற்சொன்ன முறை பதிப்பு 4க்கு மட்டுமே செல்லும்.